குளிர்நீர் மீனும் வன்னிக் குளங்களும்: ட்ரவுட் வளர்ப்பின் வரலாறு தரும் பாடம்

ஸ்கந்தபுரத்தில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்



குளிர்ந்த மலைநாடுகளில் ட்ரவுட் மீன் வளர்ப்பு எவ்வாறு பெருகியது என்பதே இன்றைய உரையின் பொருள். வன்னியில், அக்கராயன் குளத்தை அண்டிய இந்த வெப்பநிலத்து ஊரில் இப்பொருளுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்பது நியாயமே. எங்கள் குளங்களில் ட்ரவுட் ஒரு நாளும் உயிர் தரிக்காது. அதை இங்கே வளர்க்கலாம் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஒரு நாட்டில் இல்லாத மீன் கடல் கடந்து வந்து, சில மலைகளில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் தொழிலாகவும், வேறு சில மலைகளில் வெறும் பொழுதுபோக்காகவும் முடிந்த கதையை ஆராய்ந்தால், நன்னீர் மீன் வளர்ப்பு எதனால் வாழ்கிறது, எதனால் தேய்கிறது என்பது துலங்கும். தண்ணீர் ஒரு மீனுக்கு இடம் கொடுக்கிறது. அதைத் தொழிலாக்குவது குஞ்சு பொரிக்கும் நிலையமும், அந்த நிலையத்தைக் கைவிடாமல் நடத்தும் அமைப்பும், மீன் யாருக்காக வளர்க்கப்படுகிறது என்ற தெளிவான முடிவுமே. இதுவே இந்த உரையின் ஒரே வாதம். மலைகளிலிருந்து தொடங்கி அதை நிறுவ முயல்கிறேன்.

முதலில் மீனைப் பற்றிச் சிறிது. இன்று பரவலாக வளர்க்கப்படும் வானவில் ட்ரவுட் வட அமெரிக்காவின் பசுபிக் கரையோர ஆறுகளுக்கும் ரஷ்யாவின் கம்சட்காவுக்கும் உரியது. பழுப்பு ட்ரவுட் ஐரோப்பாவுக்கும் மேற்காசியாவுக்கும் உரியது. இரண்டுக்கும் குளிர்ந்த, ஓடும், ஒட்சிசன் நிறைந்த தண்ணீர் வேண்டும். 10 பாகை செல்சியஸில் ஒரு லீற்றர் நன்னீர் ஏறத்தாழ 11 மில்லிகிராம் ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கும். 30 பாகையில் அது ஏழரை மில்லிகிராமாகக் குறைந்துவிடும். வெப்பம் ஏற ஏற மீனின் உடலுக்கு ஒட்சிசன் கூடுதலாகத் தேவைப்படுகிறது. தண்ணீரிலோ அது குறைந்துகொண்டே போகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் ட்ரவுட் அகப்பட்டுக்கொள்கிறது. 20 பாகையைத் தாண்டினால் அது சோர்ந்து தீனி எடுப்பதைக் குறைக்கும். 25 பாகையை அண்டினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே ட்ரவுட் வளரக்கூடிய இடத்தை இயற்கையே வரையறுத்துவிட்டது. வெப்ப நாடுகளில் அது உயர்ந்த மலைகளுக்கு மட்டுமே உரிய மீன்.

அவ்வாறாயின் அது மலைக்கு மலை தாவியது எப்படி? விடை மீனின் முட்டையில் இருக்கிறது. சினைமீனின் வயிற்றை மெல்ல அழுத்தி முட்டையை எடுத்து, ஆண்மீனின் விந்தோடு கலந்து, ஓடும் தண்ணீரில் தட்டுகளில் பரப்பிவைப்பார்கள். 10 பாகைத் தண்ணீரில் குஞ்சு வெளிவர ஏறத்தாழ ஒரு மாதம் எடுக்கும். பாதிக் காலம் கடந்ததும் முட்டைக்குள் இரண்டு கரும்புள்ளிகள் தெரியும். அவை குஞ்சின் கண்கள். அதற்கு முந்திய நாட்களில் உயிருள்ள முட்டை சிறிதும் அசையக் கூடாது. கண் தெரிந்த பின்னரோ ஈரப்பாசியிலும் பனிக்கட்டியிலும் பொதிந்து கடல் கடத்தலாம். செத்த முட்டை வெண்மையாகும். அதில் பூஞ்சணம் பிடித்து அடுத்த முட்டைக்குப் பரவும். எனவே நாள்தோறும் ஒவ்வொரு தட்டையும் பார்த்து, வெண்முட்டைகளைச் சிறு இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டும். உலகெங்கும் பரவிய ஒரு பெருந்தொழிலின் அடியில் இருப்பது இந்தப் பொறுமையான கைவேலைதான். 18ஆம் நூற்றாண்டில் ஜேர்மனியில் யாக்கோபி என்பவர் இம்முறையைக் கண்டறிந்து எழுதினார். அது பெரிதும் கவனிக்கப்படாமல் கிடந்தது. 1840களில் பிரான்சின் வோஜ் மலைக்கிராமம் ஒன்றில் ஜோசப் ரெமி என்ற மீனவர் அதைத் தாமாகவே மீண்டும் கண்டறிந்தார். அதன் விளைவாக 1852இல் ஊனிங் என்ற இடத்தில் பிரெஞ்சு அரசு பெரிய குஞ்சு பொரிப்பகம் ஒன்றை நிறுவியது. 1864இல் நோர்ஃபோக் என்ற கப்பலில் பனிக்கட்டியில் பொதிந்து வந்த முட்டைகள் தாஸ்மானியாவில் பொரித்தன. அறிவு முன்னரே இருந்தது. அதைத் தாங்கும் நிலையம் எழுந்த பின்னரே மீன் பெருகியது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1880களில் பிரித்தானியர் பழுப்பு ட்ரவுட்டை நுவரெலியாவுக்குக் கொண்டுவந்தனர். பின்னர் வானவில் ட்ரவுட்டும் வந்தது. ஹோட்டன் சமவெளி ஓடைகளில் அது தானாகவே இனம் பெருக்கி நிலைத்தது. இலங்கை மீன்பிடிக் கழகம் குஞ்சு பொரித்து ஓடைகளில் விட்டது. தோட்டத் துரைமார் தூண்டில் போட்டனர். நீலகிரியிலும் இதே கதைதான். 1863இல் பிரான்சிஸ் டே செய்த முயற்சி தோற்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை அரசின் மீன்வள நிபுணராக இருந்த எச். சி. வில்சன் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்த பின்னரே ட்ரவுட் அங்கே வேரூன்றியது. அதற்கான வானவில் ட்ரவுட் நம் நுவரெலியாவிலிருந்தும் போனது. மூணாறு மலையிலும் தோட்ட முதலாளிகளின் தூண்டில் சங்கமே ட்ரவுட்டைப் பேணியது. இந்த மூன்று இடங்களிலும் தண்ணீர் குளிர்ந்தது, பொரிப்பகமும் நடந்தது. ஆயினும் நூறாண்டு கடந்தும் அங்கே ட்ரவுட் மலைவாழ் மக்களின் தொழிலாக மலரவில்லை. கொழுந்து பறித்த கைகளுக்கு அந்த மீனில் பங்கிருக்கவில்லை. அது தூண்டில்காரருக்காக விடப்பட்ட மீன். அந்த நோக்கத்தின் எல்லையோடு அதன் வளர்ச்சியும் நின்றுவிட்டது.

காஷ்மீரின் தொடக்கமும் இதுவே. 1899இல் பிரித்தானியாவிலிருந்து வந்த முட்டைகள் வழியிலேயே அழிந்தன. 1900இல் வந்தவை பொரித்தன. கம்பளத் தொழில் நடத்திய எஃப். ஜே. மிச்செல் அவற்றைப் பேணிப் பெருக்கினார். அங்கும் நீண்ட காலம் ட்ரவுட் விருந்தாளிகளின் விளையாட்டு மீனாகவே இருந்தது. 1984இல் ஐரோப்பியப் பொருளாதார சமூகத்தின் உதவியோடு கோகர்நாக் ஊற்றருகே உணவுமீன் உற்பத்திக்கான பண்ணை எழுந்தபோதுதான் திசை மாறியது. இமாசலப் பிரதேசத்தின் குல்லு பள்ளத்தாக்கில் 1980களின் இறுதியில் நோர்வேயின் உதவியோடு பட்லிகுல் பண்ணை விரிவடைந்தது. அந்தப் பண்ணை மீனை விற்றதோடு நிற்கவில்லை. விவசாயிகளுக்குக் குஞ்சும் தீவனமும் கொடுத்தது. ஓடைத் தண்ணீரைத் திருப்பி நீண்ட, ஒடுங்கிய சீமெந்துத் தொட்டிகளில் மீன் வளர்க்கப் பழக்கியது. இன்று அந்த மலைகளில் நூற்றுக்கணக்கான தனியார் பண்ணைகள் உள்ளன. பீம்தாலில் 1987இல் தொடங்கிய குளிர்நீர் மீன்வள ஆய்வு நிலையம் அவற்றுக்குத் துணை நிற்கிறது. நேபாளத்தில் முதலில் செய்யப்பட்ட முயற்சிகள் தோற்றன. 1988இல் ஜப்பானின் மியாசாகி மாகாணத்திலிருந்து 50,000 முட்டைகள் வந்தன. அந்நாட்டு அரசின் ஆய்வு நிலையங்கள் கோதாவரியிலும் திரிசூலியிலும் பல ஆண்டுகள் பொறுமையாகப் பொரிப்பு முறையையும் தீவனத்தையும் செம்மைப்படுத்தின. அதன் பின்னரே தொழில் தனியாரிடம் போனது. இன்று நுவாகோட் மாவட்டத்தில் சிறு பண்ணைகள் வீட்டுத் தொழிலாக நடக்கின்றன.

நுவரெலியா, நீலகிரி, மூணாறு ஒரு தொகுதி; காஷ்மீர், குல்லு, நேபாளம் மற்றொன்று. இந்த இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். மீன் ஒன்றே. குளிரும் ஏறத்தாழ ஒன்றே. பொரிப்பகம் இரு தரப்பிலும் இருந்தது. வேறுபாடு இரண்டு இடங்களில் தென்படுகிறது. ஒன்று, பொரித்த குஞ்சு யார் கைக்குப் போனது என்பது: ஓடையில் விடப்பட்டதா, விவசாயியின் தொட்டிக்குக் கொடுக்கப்பட்டதா? மற்றையது, குஞ்சோடு தீவனமும் பயிற்சியும் நோய் கண்டால் வந்து பார்க்கும் உத்தியோகத்தரும் ஆண்டுதோறும் தொடர்ந்து கிடைத்தார்களா என்பது. இவை அமைந்த இடத்தில் ட்ரவுட் தொழிலானது. அமையாத இடத்தில் ஒரு கழகத்தின் மீனாக நின்றது. சந்தை இருந்தமையால்தான் காஷ்மீரில் வளர்ந்தது, நீலகிரியில் சந்தை இல்லை என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் ஊட்டியும் நுவரெலியாவும் ஆண்டு முழுவதும் பயணிகள் குவியும் நகரங்கள். உணவகங்களுக்கும் அங்கே பஞ்சமில்லை. சந்தை அருகே இருந்தும் சிறு உற்பத்தியாளர் அதைச் சென்றடைய வழி திறக்கப்படவில்லை என்பதே உண்மை.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு வன்னிக்கு வருவோம். நம் குளங்களின் தண்ணீர் பெரும்பாலும் 27 பாகைக்கு மேல். ட்ரவுட்டுக்கு நஞ்சாகும் இந்த வெப்பமே நமக்கு முதல். வெயிலில் குளத்து நீர் பச்சைபூத்து நுண்ணுயிர் பெருகும். தண்ணீர் வற்றிய காலத்தில் அலைகரையில் மாடு மேய்ந்து இட்ட எரு, மாரியில் நீர் ஏறும்போது கரைந்து மீனுக்குத் தீனியாகும். ட்ரவுட்டுக்கு 40 வீதத்துக்கு மேல் புரதம் கொண்ட தீவனத்தை விலைகொடுத்து வாங்கிப் போட வேண்டும். அதில் கடல்மீன் மாவும் சேரும். திலாப்பியாவும் கட்லாவும் ரோகுவும் குளம் தருவதைத் தின்றே வளரும். திலாப்பியா 1950களின் தொடக்கத்தில் இந்நாட்டுக்கு வந்தது. தன் குஞ்சுகளை வாயில் வைத்துக் காத்து, எந்தக் குளத்திலும் தானே பெருகும். ஆனால் கட்லாவும் ரோகுவும் மிரிகாலும் ஆறு பெருகி ஓடும் காலத்தில் முட்டையிடுபவை. தேங்கி நிற்கும் குளத்தில் அவை இனம் பெருக்குவதில்லை. பொரிப்பகத்தில் சினைமீனுக்கு ஹோர்மோன் ஊசி ஏற்றித்தான் முட்டையிடச் செய்கிறார்கள். நன்னீர் இறாலின் குஞ்சுக்கு உவர்நீர் வேண்டும். மேலும் நம் சிறு குளங்கள் பல ஆவணி, புரட்டாதியில் அடிகாண வற்றுபவை. ஆகவே இந்த இனங்களைப் பொறுத்தமட்டில் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகக் குஞ்சு விட்டேயாக வேண்டும். விதைநெல் இல்லாத வயலில் எவ்வளவு தண்ணீர் நின்றாலும் விளைச்சல் இல்லை. குஞ்சு விடாத குளமும் அவ்வாறே.

இது வெறும் ஊகம் அன்று. இந்நாடே ஒருமுறை இதைப் பட்டு அறிந்தது. 1990இல் அன்றைய அரசு, மத அடிப்படையில் எழுந்த எதிர்ப்பைக் கருத்திற்கொண்டு, நன்னீர் மீன் வளர்ப்புக்கான அரச ஆதரவை நிறுத்திக்கொண்டது. பொரிப்பகங்கள் அரசின் கையை விட்டுப் போயின. குளங்களில் குஞ்சு விடுவது நின்றது. விரிவாக்க உத்தியோகத்தர்கள் வேறு வேலைகளுக்கு மாற்றப்பட்டனர். நான்கு ஆண்டுகளுக்குள் நாட்டின் பதிவான நன்னீர் மீன் உற்பத்தி பாதிக்கும் கீழே இறங்கியது. குளங்கள் அப்படியே இருந்தன, மழையும் பெய்தது, வலைகளும் இருந்தன. இல்லாது போனது நிலையமும் அமைப்பும் மட்டுமே. 1994இல் ஆதரவு மீண்டது. 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தால், நாம் நக்டா என்று அழைக்கும் தேசிய நீர்வாழ் உயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகாரசபை அமைக்கப்பட்டது. ஆயினும் உடவளவையிலும் தம்புள்ளையிலும் இங்கினியாகலையிலும் பொரிப்பகங்கள் மீண்டும் உயிர்த்தெழுந்த அந்தக் காலத்தில் வன்னி போருக்குள் இருந்தது. 2009வரை நம் மக்கள் குளத்தையும் வயலையும் விட்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். மற்றைய மாவட்டங்கள் குஞ்சு விட்டுப் பழகிய ஆண்டுகளை நாம் இழந்தோம். இன்று நாம் தேடுவது அந்தப் பழக்கத்தை.

இனி இவ்வாதத்துக்கு எழக்கூடிய மறுப்புகளைப் பார்ப்போம். முதலாவது, இயற்கையைப் பேணுவோரின் மறுப்பு. அந்நிய மீனை விடுவது உள்நாட்டு உயிர்களை அழிக்கும் என்கிறார்கள். இதை நான் இலேசாகத் தள்ளமாட்டேன். ஹோட்டன் சமவெளியில் ட்ரவுட் அந்த உயர்நிலத்துக்கே உரிய சிறு இறாலையும் பிற நீர்வாழ் உயிர்களையும் இரையாக்கி ஆபத்துக்குள்ளாக்குகிறது. மலை ஓடையில் விட்ட மீனைத் திரும்பப் பிடித்துவிட முடியாது. இந்தச் சான்று என் வாதத்தைத் திருத்துகிறது, முறிக்கவில்லை. தொட்டியில் வளர்ப்பதற்கும் ஓடையில் விடுவதற்கும் உள்ள வேறுபாட்டை அது காட்டுகிறது. நாம் பேசுவது மனிதர் கட்டிய குளங்களைப் பற்றி. அவற்றில் இனம் பெருக்க முடியாத கெண்டை இனங்களை விட்டு ஆண்டுதோறும் அறுவடை செய்வதைப் பற்றி. எனினும் விராலும் கெளிறும் குறவையும் வாழும் காட்டுக் குளங்களையும் வில்லுகளையும் இதற்கு விலக்காக வைத்துவிட வேண்டும். எந்த இனம் எந்தக் குளத்துக்கு என்பதை முதலில் தீர்மானித்து, அதன் பிறகே குஞ்சு விட வேண்டும்.

இரண்டாவது மறுப்பு கமக்காரருடையது. வன்னியில் இதுவே கனமானது. குளத்தைக் கட்டியது நெல்லுக்கு. மீனுக்காகத் தண்ணீரைத் தேக்கிவைத்தால் சிறுபோகம் என்னாவது? வலை போடுபவர்கள் துருசையும் அணைக்கட்டையும் பழுதாக்கினால் யார் பொறுப்பு? இந்தக் கவலை அடிப்படையற்றது அல்ல. ஆனால் காலத்தைக் கணக்கிட்டால் மோதல் பெரிதும் தணிகிறது. மார்கழியில் வான் பாயும். அப்போது விட்ட குஞ்சு வெள்ளத்தோடு போய்விடும். 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறக்கப்பட்டபோது கிளிநொச்சி கண்ட வெள்ளத்தை நாம் மறக்கவில்லை. வான் ஓய்ந்ததும் தை மாதத்தில் குஞ்சு விட்டால், சிறுபோகத்துக்கு நீர் இறங்க இறங்க மீன் வளரும். ஆவணியில் நீர் வற்றும் தறுவாயில் மீன் பிடிபடும். நெல்லின் நாட்காட்டியும் மீனின் நாட்காட்டியும் ஒன்றை ஒன்று தொடர்கின்றன. தேவை ஒன்றே: குளத்தின் அடியில் எவ்வளவு நீரை எந்த நாள்வரை விட்டுவைப்பது என்பதை, தண்ணீர் பங்கிடும் சிறுபோகக் கூட்டத்திலேயே மீனவர் சங்கத்தையும் இருத்திப் பேசி எழுதிவைப்பது. மலைநாடுகளும் இந்த ஆபத்துக்கு விலக்கல்ல. 2023 ஜூலையில் பியாஸ் ஆறு பெருகியபோது குல்லு பள்ளத்தாக்கின் ட்ரவுட் பண்ணைகள் சேதமடைந்தன. தண்ணீரை நம்பும் தொழிலில் தண்ணீரின் கோபத்துக்கும் இடம் வைத்துத் திட்டமிட வேண்டும்.

மூன்றாவது, உணவுப் பழக்கம் பற்றியது. நம்மவர் கடல்மீன் உண்பவர்கள், குளத்துமீன் சேற்று மணம் வீசும் என்கிறார்கள். முல்லைத்தீவுக் கடலும் பூநகரிக் களப்பும் அருகே இருக்கையில் இதற்கு மதிப்பு ஏது என்றும் கேட்கிறார்கள். கடல்மீன் விலை ஏறும் நாட்களில் உள்ளூர்க் கூலிக் குடும்பம் அதை வாங்குவதில்லை என்பதே இதற்கு விடை. அந்த நாட்களில் அக்குடும்பத்தின் கறிச்சட்டிக்குப் புரதம் தரக்கூடியது குளத்துமீனும் அதன் கருவாடும்தான். ட்ரவுட் பெரும்பாலும் உயர்விலை உணவகங்களுக்குப் போகும் மீன். நம் குளத்துமீனோ ஊருக்குள்ளேயே உண்ணப்படுவது. இந்த வகையில் நம் நிலை காஷ்மீரை விட மேலானது. உயிர்க்கொலை கூடாது என்று எண்ணுபவர்களின் உணர்வையும் நான் மதிக்கிறேன். சைவ மரபில் அதற்கு ஆழமான இடம் உண்டு. ஆனால் குஞ்சு விடாமல் விடுவதால் மீன் பிடிப்பது நிற்பதில்லை. சிறு கண் வலையால் குளத்தை அரித்து, வளராத மீனையும் வாரிக்கொண்டு போவதே மிஞ்சுகிறது. ஒழுங்கின்மையால் எந்த உயிரும் காப்பாற்றப்படவில்லை. ஏழையின் பங்கு மட்டுமே குறைகிறது.

நான்காவதாக ஒரு மறுப்பு உண்டு. அதைச் சொல்பவர்கள் அனுபவசாலிகள். குஞ்சு விடுவதெல்லாம் படம் எடுக்கும் நாளோடு முடிந்துவிடும் சடங்கு என்கிறார்கள். இந்த மறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். என் வாதத்தின் மையமே இதுதான். நீண்ட வழி வந்த குஞ்சுப் பையை அவிழ்த்து நேரே குளத்தில் கொட்டினால், பையின் நீரும் குளத்தின் நீரும் ஒத்துப்போகாமல் குஞ்சுகள் அதிர்ச்சியில் சாகும். பையைக் கால் மணி நேரமாவது குளத்து நீரில் மிதக்கவிட்டு, சூடு சமமானதும் வாயைத் திறந்து, குளத்து நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் விட்டு, குஞ்சு தானாக நீந்தி வெளியேறப் பொறுத்திருக்க வேண்டும். நகக்கண் அளவுக் குஞ்சை நேரே விட்டால் விராலுக்கும் நீர்க்காகத்துக்கும் இரையாகும். ஊர்ச் சங்கமே சிறு மண்தொட்டியிலோ வலைக்கூட்டிலோ விரல் நீளம் வரும்வரை வளர்த்து விட்டால் பிழைக்கும். இலங்கையின் வேறு மாவட்டங்களில் கிராமச் சங்கங்கள் இதைச் செய்து வருமானமும் கண்டிருக்கின்றன. இந்தச் சிறு கவனங்களை ஆண்டுதோறும் செய்வதற்கு ஒரு பொறுப்பாளி இருக்கும் இடத்தில் சடங்கு தொழிலாகிறது.

ஆகவே நான் முன்வைப்பது மூன்று காரியங்கள். முதலாவது, வன்னிக் குளங்களுக்கு வேண்டிய குஞ்சு வன்னிக்குள்ளேயே, தை மாதத்தில் கைக்கு எட்டும் தூரத்தில், தடையின்றிக் கிடைக்க வேண்டும். அதற்கு ஊர்தோறும் நாற்றங்கால் தொட்டிகளைச் சங்கங்களின் பொறுப்பில், குறிப்பாகப் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களின் பங்கேற்போடு, அமைக்க வேண்டும். இரண்டாவது, கமக்கார அமைப்பும் நன்னீர் மீனவர் சங்கமும் ஒரே மேசையில் இருந்து நீர்மட்டத்தையும் வலைக்கண் அளவையும் பிடிக்கும் காலத்தையும் எழுத்தில் இணங்கிக்கொள்ள வேண்டும். மீன் வருமானத்தில் ஒரு பங்கு குளக்கட்டுப் பராமரிப்புக்குப் போனால் அந்த இணக்கம் நிலைக்கும். மூன்றாவது, எவ்வளவு குஞ்சு விட்டோம், எவ்வளவு மீன் பிடித்தோம் என்ற கணக்கை ஒவ்வொரு குளத்துக்கும் ஆண்டுதோறும் எழுத வேண்டும். நேபாள நிலையங்கள் காட்டிய பொறுமை இதற்கும் வேண்டும். இந்தக் கணக்கை எழுத இங்குள்ள பாடசாலைகளின் உயர்தர மாணவர்கள் போதும். அது அவர்களுக்கு விஞ்ஞானமும் ஆகும், ஊருக்குச் சொத்தும் ஆகும்.

நுவரெலியாவுக்கு முதல் ட்ரவுட் முட்டைகள் வந்தபோது இந்தத் தீவில் மீன் வளர்க்கும் அறிவும் பணமும் இருந்தன; மக்களுக்குப் பங்கு கொடுக்கும் எண்ணம் மட்டும் இருக்கவில்லை. நம்மிடம் குளம் உண்டு, வெயில் உண்டு, தண்ணீரைப் பங்கிட்டு வாழ்ந்த தலைமுறைகளின் ஒழுக்கம் உண்டு. குஞ்சு தரும் நிலையத்தையும் அதைக் கைவிடாத அமைப்பையும் கட்டுவது பணத்தை விட விடாமுயற்சியைக் கேட்கும் வேலை. அந்த விடாமுயற்சியை எடுத்துக்கொள்ளும் முதல் குளம் இந்த ஊரை அண்டியதாக இருக்கட்டும் என்று உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். வருகிற தை மாதத்துக்கு முன் கமக்கார அமைப்பும் மீனவர் சங்கமும் சேர்ந்து இருக்கும் கூட்டத்தைக் கூட்டுங்கள்.